அறாத பாவு

ஜலகண்டாபுரம்

என் வீட்டுக்காரருக்கு வணங்கி எழுதுவது.

பட்டாளத்திலிருந்து நீங்கள் போட்ட கடிதம் கிடைத்தது. பையன் இன்னும் சேட்டை செய்கிறானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நேற்று தெருவில் நம் தறிக்குப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டோம். ஓர் இழைகூட அறவில்லை.

முன்பெல்லாம் அவன் பாவுக்கு அடியில் புகுந்து ஓடி, யார் வீட்டு நூலென்று பாராமல் அறுத்துவிடுவான். "பையன அடக்கு அம்மிணி, இல்லாட்டி உம்பட பாவ இந்தத் தெருவுல நீட்டாத" என்று உங்கள் பெரியப்பாவே சொல்லிவிட்டார். பாவு நீட்டாமல் எதை நெய்வது, எதைத் தின்பது? சேலத்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். புட்டியில் மருந்து கொடுத்தார். அதைக் குடித்ததிலிருந்து பையன் உட்காரவைத்த இடத்திலேயே இருக்கிறான். நல்ல பிள்ளையாகிவிட்டானாம், பெரியப்பாவுக்குச் சந்தோஷம்.

சோறு ஊட்டினால் வாயிலேயே நிற்கிறது. மருந்து குடித்ததிலிருந்து முகமெல்லாம் கொப்புளம். அதில் ஈ மொய்த்தாலும் கை தூக்குவதில்லை.

டாக்டரிடம் மறுபடி போய் அழுதேன். "நிறுத்துனா பழையபடி ஓடுவான். பரவாயில்லையா?" என்றார். இன்று காலையில் மருந்து கொடுக்காமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வாசலைத் திறந்தால் அடுத்த வீட்டுப் பாவு தெரு நீளத்துக்கு நின்றது. கொடுத்துவிட்டேன்.

லீவில் வரும்போது, எப்போதும்போலத் தெருமுனையில் நின்று கையை விரித்து அவனைக் கூப்பிடாதீர்கள். நீங்களே அவன் இருக்கும் இடத்துக்கு வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் தாய்