ரெட்டை வயர் போட்டேன், அத்தான்

கொட்டகலை
ஞாயிற்றுக்கிழமை

பிரதாபன் அத்தானுக்கு,

நானும் தக்ஷிகாவும் இருக்கிறோம். உங்கள் சுகத்தை விசாரிக்க இன்றைக்கு எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையின் காதைப் பற்றிப் பேச்செடுத்தாலே போனை வெட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் எழுதி, லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்பும் துஷாந்த் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன்.

அவரிடம் நீங்கள் அனுப்பிய வயர்கள் கிடைத்தன. பணக்கார வீடுகளுக்குப் பாட்டு செட் பூட்டுகிற உங்கள் கடைச் சாமானாம். விரல் தடிமன், மேலே துணிப் பின்னல். "நம்ம செட்டுல சத்தம் தெளிவில்ல, அதான் புள்ள திரும்புறதில்ல. வயர ரெட்டையாப் போடு" என்றீர்கள். போட்டேன். பிளேயரிலும் ஆம்ப்ளிஃபயரிலும் இரண்டாகப் பிரிகிற பின்களைச் செருகி, சிவப்புக்கு இரண்டு, வெள்ளைக்கு இரண்டு என்று நீங்கள் சொன்னபடியே பூட்டினேன். சத்தம் நன்றாகத்தான் வந்தது. பக்கத்துக் காம்பிரா வீட்டில் நாகலெட்சுமி அக்காவின் கைக்குழந்தை திடுக்கிட்டு அழுதது. நம் பிள்ளை ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போத்தல் மூடிகளை டின்னில் போட்டுக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

பிறகு எழும்பி வந்து ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்தாள். சிரித்தாள். காது கேட்டுவிட்டது என்று அத்தை உடனே உங்களுக்குப் போன் எடுத்தார். அது கையில் பட்ட அதிர்வு, அத்தான். அவள் கையை எடுத்துவிட்டேன், சிரிப்பும் நின்றுவிட்டது. இதைச் சொன்னதற்கு, பெற்ற பிள்ளைக்கே கெடுதல் நினைக்கிறேன் என்றார் அத்தை. அது பெரியவர்கள் பேச்சு, பொறுத்துக்கொண்டேன். மறுநாள் நீங்கள் சொன்னீர்களே, "எம் புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல, நீதான் கொற சொல்லிக்கிட்டுத் திரியிற" என்று, அதை எப்படிப் பொறுப்பது?

வியாழக்கிழமை யாரிடமும் கேட்காமல் பிள்ளையை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். நாகலெட்சுமி அக்கா துணைக்கு வந்தார். இரண்டு காதுமே சரியாகக் கேட்கவில்லை என்று டொக்டர் நோனா எனக்குப் புரியும்படி மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். காதில் கருவி பூட்டிப் பழக்கினால் பேச்சு வருமாம், தாமதிக்கக் கூடாதாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. மூன்று வயதாகப் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, ஒரு வருடமாக நாம் செட்டையல்லவா மாற்றி மாற்றிப் பூட்டினோம்!

அடுத்த மாதம் கருவி பூட்டப் போகிறோம். உங்கள் சம்மதத்தைக் கேட்டு எழுதவில்லை, தெரிவிக்கிறேன். வயர்களைக் கழற்றி இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறேன். உங்கள் கடையிலேயே இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். வீடியோவில் வரும்போது, அவள் குனிந்து விளையாடும் நேரத்தில் "தக்ஷி, தக்ஷி" என்று கத்தாதீர்கள். அவள் பார்க்காவிட்டால் உங்கள் முகம் வாடிப்போகிறது, வெட்டிவிடுகிறீர்கள். கொஞ்சம் காத்திருங்கள். நான் தோளைத் தொட்டுத் திருப்புகிறேன். போனில் உங்கள் போட்டோவைக் கண்டாலே அவள் எழும்பி நின்று குதிக்கிறாள், அத்தான். அதை நீங்கள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை.

முருகன் உங்களுக்குப் பொறுமையைக் கொடுக்கட்டும்.

தக்ஷிகாவின் அம்மா,
பிரேமினி