கணினிக்குள் உறையாத துளி

மேற்கு மாம்பலம்
9 ஜூன் 2024

அன்புத் தங்கை ப்ரியாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் நான் பேசியதில் பாதி உனக்குப் புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினாய். பரவாயில்லை. என் நாக்கு இப்போது என் பேச்சைக் கேட்பதில்லை. வலது கை விரல்கள் இன்னும் கேட்கின்றன. அதனால் இனிமேல் எழுதுகிறேன். நீயும் எழுது, வேறு வழி இல்லை.

கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வாயைத் திறக்காமல் ரங்கநாதன் தெருவில் ப்ளவுஸ் துணி விற்க முடியுமா? நேற்று ஒரு அம்மா பச்சைப் புடவையைக் கொண்டுவந்து மேட்சிங் கேட்டார். துணியை விரித்துப் போட்டு ஏதோ சொன்னேன். அவர் முகத்தைச் சுளித்து, "இன்னாப்பா, காலையிலேயே ஊத்திக்கினு வந்துட்டியா?" என்றார். கடையில் இருக்கும் சாய்சரண் ஓடிவந்து, "இல்லம்மா, அண்ணனுக்கு ஒடம்பு சரியில்ல" என்றான். அந்த அம்மா துணி வாங்காமலே போய்விட்டார்.

பெரிய டாக்டரைப் பார்த்தோம். மோட்டார் நியூரான் நோய்தான், சந்தேகமே இல்லை என்றார். தசையை அசைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகுமாம், குணமாக்க மருந்து கிடையாதாம். நரம்புச் செல்லுக்குள் புரதம் கட்டி தட்டிப்போகிறதாம். அதைக் கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். "அதத்தான் என் தங்கச்சி ஜெர்மனியில ஆராய்ச்சி பண்றா" என்று சொன்னேன். அவருக்கு விளங்கவில்லை. உன் அண்ணி தேவானைதான் எடுத்துச் சொன்னாள்.

உண்மைதானே? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

உன் அண்ணன்,
கணேசமூர்த்தி


12 ஜூன் 2024

அன்புள்ள அண்ணா,

அந்த அம்மா சொன்னதை நினைத்து நாள் முழுக்க வேலை ஓடவில்லை. இனிமேல் வீடியோவில் புரியாவிட்டால் புரியவில்லை என்றே சொல்கிறேன். நீ கோபப்படக் கூடாது.

நீ கேட்டது. செல்லுக்குள் சில புரதங்கள் ஒன்றுசேர்ந்து, ரசத்தின் மேல் நெய் மிதக்கிறதே, அதுபோலத் துளித்துளியாக நிற்கும். துளியாக இருக்கும்வரை நல்லது. செல்லுக்கு அதனால் வேலை நடக்கிறது. நாளாக ஆக, சில துளிகள் ஆறிய நெய்போல உறைந்துவிடுகின்றன. அப்புறம் இளகுவதில்லை. ஏன் உறைகிறது, எப்போது உறைகிறது என்பதைத்தான் நாங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கிறோம். ஒரு புரதம் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் என்ன செய்யும் என்று ஓரளவு சொல்லலாம். எங்கள் இயற்பியலே அதுதான்.

நாங்கள் மருந்து செய்பவர்கள் இல்லை அண்ணா. இதை மறந்துவிடாதே. மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது?

உன்,
ப்ரியா


மேற்கு மாம்பலம்
6 அக்டோபர் 2024

என் கெட்டிக்காரத் தங்கைக்கு,

செய்தியைப் பார்த்தேன்! நீ அனுப்பவில்லையே, ஏன்? உங்கள் பல்கலைக்கழகம் இணையத்தில் போட்டிருக்கிறது, உன் படத்தோடு. சின்னதாக ஒரு புரதத் துண்டைச் சேர்த்தால் துளி உறைவது தள்ளிப்போகிறது என்று. அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். தள்ளிப்போகிறது! எனக்கு வேறென்ன வேண்டும்?

தேவானையை அம்மாவுக்குப் படித்துக் காட்டச் சொன்னேன். அம்மா உன் படத்தைப் பெரிதாக அச்சடித்து வாங்கிவரச் செய்து, சாமி அலமாரிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். கீழ்வீடு, மேல்வீடு எல்லோரிடமும், "எம் மவ மருந்து கண்டுபிடிச்சிட்டா" என்கிறாள். நானும் மறுக்கவில்லை.

கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். சோறு இறங்கும்போது புரையேறுகிறது. இளைத்துவிட்டேன். வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைக்க வேண்டும் என்கிறார் டாக்டர். வேண்டாம் என்று எழுதிக் காட்டிவிட்டேன். உன் மருந்து வருகிறவரை தாக்குப்பிடித்தால் போதும். அதற்குள் எதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும்? எத்தனை மாதம் ஆகும் என்று மட்டும் சொல். முதலில் யாருக்காவது கொடுத்துப் பார்ப்பீர்கள் அல்லவா? என் பெயரை எழுதிக்கொள்.

பெருமையுடன்,
அண்ணன்


18 அக்டோபர் 2024

அண்ணா,

பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். எழுதி எழுதி அழித்தேன்.

நேற்று அண்ணி போன் செய்தார். "தண்ணி குடிச்சாலும் இருமுறாரு ப்ரியா. ஒன் மருந்து வரட்டும்னு ஒக்காந்திருக்காரு. நான் சொன்னா கேக்கல, நீ சொன்னாத்தான் கேப்பாரு" என்று அழுதார். அதனால் சொல்கிறேன்.

மருந்து இல்லை அண்ணா. நான் பார்ப்பது உயிருள்ள எதையும் அல்ல. கணினிக்குள் மணிகளைக் கோத்ததுபோல ஒரு சங்கிலி, அதுதான் எங்கள் புரதம். எவ்வளவு ஒட்ட வேண்டும், எப்போது விலக வேண்டும் என்று நாங்களே விதி எழுதுகிறோம். உறைவது தள்ளிப்போனது அந்த மணிகளுக்குத்தான். அதுவும் கண் இமைப்பதற்குள் முடிந்துபோகிற நேரத்துக்கு. கட்டி தட்டுவதால் நோய் வருகிறதா, நோயால் கட்டி தட்டுகிறதா என்றே இன்னும் யாருக்கும் தெளிவாகத் தெரியாது. இதிலிருந்து ஒருநாள் மருந்து வரலாம். வராமலும் போகலாம். வந்தாலும் அது உனக்கு இல்லை. எழுதிக்கொள்ள எங்களிடம் பெயர்ப்பட்டியல் எதுவும் கிடையாது.

குழாய் வைத்துக்கொள். மூச்சு இன்னும் பலவீனமானால் அப்புறம் வைக்க முடியாதாம். நான் விசாரித்தேன். எனக்காக இதைச் செய்.

டிசம்பரில் வருகிறேன். டிக்கெட் எடுத்துவிட்டேன். ஒரு மாதம் உன் பக்கத்திலேயே இருப்பேன்.

ப்ரியா


மேற்கு மாம்பலம்
17 நவம்பர் 2024

ப்ரியா,

குழாய் வைத்தாயிற்று. தேவானை கஞ்சி ஊற்றுகிறாள். ருசி தெரியாது, ஆனால் பசி அடங்குகிறது. அவளுக்கு நிம்மதி.

கை போய்விட்டது. இடது கட்டைவிரல் மட்டும் அசைகிறது. இதைப் போனில் நாலைந்து நாளாகத் தட்டுகிறேன். தேவானை தட்டித் தருகிறேன் என்றாள். இதை அவள் பார்க்க வேண்டாம்.

உன்மேல் கோபம் இல்லை. நன்றாக விளக்கியிருந்தாய், எல்லாம் புரிந்தது. புரியாமல் இருந்தபோது நன்றாக இருந்தேன்.

மருந்து இல்லை என்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை. என்னால் பேச முடியாது. தேவானைக்கு மனசு வரவில்லை. அம்மா காலையில் எழுந்ததும் என் கன்னத்தைத் தடவி, "டிசம்பர்ல வந்துருவா, இன்னும் கொஞ்ச நாளு பொறுத்துக்கய்யா" என்கிறாள். நீ வருவதையும் மருந்து வருவதையும் ஒன்றாகவே எண்ணுகிறாள்.

டிசம்பரில் வராதே. நீ வாசலில் வந்து நின்றால் அம்மா முதலில் உன் பையைத்தான் பார்ப்பாள். நான் இந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் பார்க்க வேண்டியிருக்கும். என்னால் முகத்தைக்கூடத் திருப்பிக்கொள்ள முடியாது.

டிக்கெட்டை மாற்றிக்கொள். நான் போன பிறகு வா. அப்போது அம்மா உன்னிடம் எதுவும் கேட்கமாட்டாள்.

அண்ணன்