நடக்கும்போது கேட்காதே

மகன் அமிர்தராஜுக்கு அம்மா சவுந்தரம் சொல்ல, தங்கை தெரசாள் எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் பாளையம்பட்டியில் எல்லோரும் சுகம், பட்டாளத்தில் உன் சுகம் அறிய ஆவல். சுகமில்லாதது சிலுவைமுத்துவின் முழங்கால்தான். உன் தம்பி பிறவியிலேயே அறிவு மெல்ல வளரும் பிள்ளை, நடக்கவே நாலு வயதானது, இருந்தாலும் இத்தனை நாளும் ஆடி அசைந்தாவது விழாமல் நடந்தவன், முதல்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு ஞானோபதேசம் படிக்கக் கோயிலுக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து தினமும் முழங்காலில் ரத்தத்தோடு வருகிறான். கூட்டிப்போகிறவள் இந்தத் தெரசாள். கோயிலில் பாடம் சொல்லித்தரும் உபதேசியார் குடைக்குள் ஓணானை வைத்து மூடினவள், தம்பியைக் கால் வைத்து இடறிவிட மாட்டாளா? (தெரசாள்: என் மேல் வரும் பழியை என் கையாலேயே எழுத வைக்கிறாள், அண்ணே. ஓணான் வைத்தது உண்மை, கால் வைத்தது பொய்.)

புதுநன்மை அன்று பிள்ளைகள் மெழுகுதிரி பிடித்து, மந்திரம் சொல்லிக்கொண்டே பீடம்வரை நடக்க வேண்டும். விழுகிற பிள்ளை கையில் நெருப்பைக் கொடுக்க மாட்டேன், இவனுக்குப் புதுநன்மையே வேண்டாம் என்று உபதேசியார் சொல்லிவிட்டார். நேற்று இவளை முன்னால் துரத்திவிட்டு நானே அவனோடு நடந்தேன். கரிசல் வெடிப்பையெல்லாம் பார்த்துப் பார்த்துத் தாண்டினான், ஒரு தடுமாற்றம் இல்லை. சரிதான், கள்ளி இவள்தான் என்று நினைத்தேன். கோயில் நெருங்கவும், பாடம் மறந்திருக்குமோ என்று, உன்னை உண்டாக்கினவர் யார் என்று கேட்டேன். கால் நின்றது. நடந்துக்கிட்டே சொல்லுய்யா என்று கையை இழுத்தேன், கால் பின்னி விழுந்தான். அம்புட்டுத் தூரத்துல இருந்தே என்னடி செஞ்ச என்று இவளைத்தான் கத்தினேன். (தெரசாள்: என் கால் அவ்வளவு நீளமென்றால் ஒரே எட்டில் மதுரைக்குப் போயிருப்பேனே!)

தூக்கி நிறுத்தி மறுபடி நடத்தினேன். பேசாமல் இருந்தால் நடக்கிறான், கேட்டால் விழுகிறான். அவன் புத்தி பதிலைத் தேடிப் போய்விட்டால் காலைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வழியிலேயே பாடத்தைக் கேட்டுக்கிட்டே கூட்டிப் போ என்று இவளிடம் சொன்னது நான்தான். உபதேசியாரிடம் சொன்னால், இது தாயும் மகளும் சேர்ந்து வைக்கிற அடுத்த ஓணானா என்று என்னையே சந்தேகப்பட்டார். நிக்க வச்சுக் கேட்டுப் பாருங்கய்யா என்றேன். நின்றபடி யோசித்து யோசித்து அத்தனையும் சொன்னான் உன் தம்பி. சரி, வாயை மூடி நடக்கட்டும், பீடத்தில் நின்று சொல்லட்டும் என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை புதுநன்மை, உன் கூடாரத்தில் இருந்து நீயும் வேண்டிக்கொள்.

தேவமாதா உனக்கு முன்னே நடக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நீ லீவில் வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் சிலுவை உன்னைக் கண்டு ஓடி வருவான். நான் யாருன்னு தெரியுதாலே என்று தூரத்திலிருந்தே கேட்டுவிடாதே. வந்து உன் கழுத்தைக் கட்டிக்கொள்ளட்டும், பிறகு கேள்.

உன் அம்மா
சவுந்தரம்

(எழுதியவள் தெரசாள். இன்னும் என் காலையேதான் பார்க்கிறாள்.)