லைட்போஸ்ட்டும் டான்சரும், நடுவில் கவினியின் காதும்

பெப்ரவரி 2, திங்கள்

காலையில் கடும் பனி. குழாய்த் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை. நான் பிள்ளை பார்க்கும் பிள்ளைக்காம்பராவில் ஒரே அழுகை. அம்மாமார் கொழுந்தெடுக்கப் போன பிறகு ஒவ்வொன்றாகத் தூங்க வைப்பதற்குள் என் இடுப்பு போச்சு.

ஞாயிற்றுக்கிழமை மகள் கவினிக்குக் காதுகுத்து. நாலு வயதாகிவிட்டது, இன்னும் மொட்டைக் காது. செய்ய வேண்டியவை: ஆசாரிக்குப் போன். தேங்காய், பழம், பூ. லயத்தில் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் சொல்ல. அண்ணன்.

"அண்ணன்" என்று எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்கள் பக்கம் எந்தப் பிள்ளைக்கும் காது குத்தியதில்லை. எனக்கு இருப்பது ஒரே அண்ணன். கொத்மலைப் பக்கம் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அவருக்கும் என் வீட்டுக்காரருக்கும் தீபாவளியிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை.

காணித் தகராறு இல்லை. நகைத் தகராறு இல்லை. குத்துச்சண்டை. அதுவும் நடக்காத குத்துச்சண்டை! ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஹெவிவெயிட் சாம்பியனும் இப்போதைய சாம்பியனும் மோதினால் யார் ஜெயிப்பார்கள் என்று. ஒருவர் செத்தே போய்விட்டார். மற்றவருக்கு எங்கள் ஹட்டன் எந்தத் திசை என்றே தெரியாது. இவர்களுக்காக என் பிள்ளை மொட்டைக் காதோடு திரிகிறாள்.

பெப்ரவரி 3, செவ்வாய்

மூடுபனி. டவுனில் முஸ்லிம் நானா கடையில் கற்பூரம், சாம்பிராணி வாங்கினேன். நானா சிரிக்கிறார்: "என்ன தங்கச்சி, அந்த ஃபைட்டு இன்னும் முடியல்லையா?" டவுன் வரைக்கும் நாறிப்போச்சு.

அந்த ஆட்களின் நிஜப் பெயர் என் வாயில் நுழையாது. எங்கள் வீட்டுப் பெயர்தான். பழைய ஆள் டான்சர். ரிங்குக்குள் ஆடிக்கொண்டே அடிப்பாராம். புது ஆள் லைட்போஸ்ட். அவ்வளவு உயரம்.

எங்கள் அப்பா டான்சர் கட்சி. பேப்பரிலிருந்து வெட்டிய படத்தைச் சோற்றுப் பசையால் லயத்துச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில்! அண்ணனுக்கு இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. என் வீட்டுக்காரருக்குப் போனிலிருந்து, இவர் லைட்போஸ்ட் கட்சி. ஆட்டோவுக்கு ஹயர் வராத நேரமெல்லாம் அதற்குள்ளேயே சாய்ந்துகொண்டு சண்டை வீடியோ.

தீபாவளியன்று இலை போட்டு ஆட்டுக்கறியும் வைத்தாச்சு.

"லைட்போஸ்ட் ரெண்டாவது ரவுண்டுலயே முடிச்சிருவான் மச்சான்."

"கிட்ட வந்தாத்தானே மாப்ள முடிப்பான்?"

அந்தக் காலத்துப் பதினைந்து ரவுண்டா, இந்தக் காலத்துப் பன்னிரண்டா என்பதில் சோறு ஆறியது. யார் காலத்துக் கையுறை என்பதில் குழம்பு ஆறியது. கடைசியில் இவர் சொன்னார்: "ஒங்கப்பா பேப்பர்ல படம் பாத்தவருதானே மச்சான். சண்டையப் பத்தி அவருக்கு என்னா தெரியும்?"

அண்ணன் எழுந்தார். சாப்பிடாமலே கை கழுவினார். போய்விட்டார்.

எனக்கும்தான் சுருக்கென்றது. எனக்கும் அவர் அப்பாதானே. அதை யார் கேட்டார்கள்?

பெப்ரவரி 4, புதன்

சுதந்திர தின லீவு. நல்ல வெயில். போர்வை எல்லாம் துவைத்தாச்சு. தையல் டேப்பைக் காணோம் என்று தேடினால் இவர் கையில். சுவரை அளந்துகொண்டிருக்கிறார்.

"லைட்போஸ்ட் கைய நீட்டுனா இந்தக் கதவுலருந்து அந்த அலமாரி வரைக்கும் வரும், தெரியுமா?"

"அண்ணனுக்கு ஒரு போன் போடுங்க."

"மொதல்ல அவரு ஒத்துக்கட்டும். டான்சர் நிக்க மாட்டான்னு."

காதுகுத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? கொள்கையாம். கொள்கை! தேர்தலில்கூட இவருக்கு ஒரு கொள்கை இருந்து நான் பார்த்ததில்லை.

வெளியே கவினி அரிசிச் சாக்கைக் குத்திக்கொண்டிருக்கிறாள். "எடது கைய மூஞ்சிக்கு முன்னாடி வையி" என்று அப்பன் பாடம் எடுக்கிறார். தலையில் அடித்துக்கொண்டு துணி எடுக்கப் போனேன்.

பெப்ரவரி 5, வியாழன்

லயத்தில் சிக்னல் இல்லை. கோயில் மேட்டில் ஏறி நின்று அண்ணனுக்குப் போன். காற்று ஆளைத் தள்ளுது.

"வர்றேம்மா. மாப்ள ஒரு வார்த்த ஒத்துக்கட்டும்."

அதே வார்த்தை! போனைத் தூக்கி எறியலாம் போல் இருந்தது. பிறகு அவரே, குரலை இறக்கி: "அப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுட்டாருல்ல."

அழுகை முட்டியது. அந்த முட்டலில்தான் வாயில் வந்துவிட்டது: "அவரு ஒத்துக்கிட்டாருண்ணே. டான்சர்தான் ஜெயிப்பாருன்னு. ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்படுறாரு."

குரல் அப்படியே மாறியது. "அப்படியா? சரி சரி. நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். பாவம்."

சாயந்தரம் இவரிடம் அதையே திருப்பிப் போட்டேன். அண்ணன் ஒத்துக்கிட்டார், லைட்போஸ்ட்தான், சொல்ல வெட்கப்படுகிறார்.

"எனக்கு எப்பயோ தெரியும். நான் ஒண்ணும் குத்திக்காட்ட மாட்டேன் புள்ள." இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பெப்ரவரி 7, சனி

தூறல். பூ வந்தாச்சு. வாழையிலை பாதி கிழிசல். பாயாசத்துக்கு முந்திரி மறந்துபோச்சு. ஆசாரி வருவார், நேரத்தோடு முடிக்க வேண்டுமாம், கொட்டகலையில் இன்னொரு காதுகுத்து. மாரியம்மா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் இந்த இரண்டு பேர் வாயையும் கட்டு.

பெப்ரவரி 8, ஞாயிறு

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலையில் கோயில் வாசல். அண்ணன் தாம்பாளத்தோடு வந்தார். பட்டுப் பாவாடை, தோடு, பழம். இவர் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தார். தோற்ற ஆளைத் தேற்றுவதுபோல் இவர் அவர் முதுகைத் தட்ட, அவர் இவர் முதுகைத் தட்ட.

மாமன் மடியில் கவினி. இடது காதில் ஆசாரி குத்தினார். வீல் என்று கத்தினாள். கத்திக்கொண்டே திரும்பி ஒரு குத்து, இடது கையால், மாமன் மூக்கில். நல்ல குத்து. ரத்தம்.

எல்லாரும் சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம்.

"பாத்தீங்களா மச்சான், லைட்போஸ்ட் குத்து!"

"இது டான்சர் குத்து மாப்ள. அதான் நீங்களே ஒத்துக்கிட்டீங்களே."

"நான் ஒத்துக்கிட்டேனா? நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கற்பூரத்தட்டைப் பார்த்தேன்.

என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்கும் அவர்களுக்கு நேரம் இல்லை. அண்ணன் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிட்டு எழுந்தார். மூக்கில் துண்டைப் பிடித்துக்கொண்டு டான்சர் எப்படிக் கால் மாற்றுவார் என்று கோயில் வாசலில் ஆடிக் காட்டுகிறார். இவர் லைட்போஸ்ட் கையை நீட்டுகிறார். "பதினஞ்சு ரவுண்டு!" "பன்னெண்டுதான்!"

கவினி ஒரு காதில் தோடு, ஒரு காது மொட்டை, மூக்கு ஒழுக நிற்கிறாள். "மாமா, மாமா" என்று கூப்பிடுகிறாள். மாமன் திரும்பவில்லை.

"அம்மா, எனக்குக் கொட்டகலைக்குப் போகணும்" என்றார் ஆசாரி.

அப்போது வந்தது எனக்குக் கோபம். இத்தனை நாளும் வந்ததெல்லாம் கோபமே இல்லை. பாயில் உட்கார்ந்தேன். பிள்ளையை இழுத்து என் மடியில் வைத்தேன். "குத்துங்க."

"மாமன் மடி…" என்று ஆசாரி இழுத்தார்.

"மாமன் சண்டையில இருக்காரு. என் மடி சும்மாத்தான் இருக்கு. குத்துங்க."

குத்தினார். அந்தக் கத்தலில்தான் இரண்டு பேரும் திரும்பினார்கள். அண்ணனுக்கு முஷ்டி இரண்டும் இன்னும் முகத்துக்கு முன்னால்.

"என்னம்மா இப்புடிப் பண்ணிட்ட? நான் எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தாண்ணே நானும் கேக்குறேன்."

கை கீழே இறங்கியது. அப்படியே கோயில் படியில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் மூக்கைத் துடைத்தார், கண்ணையும்.

பந்தியில் அண்ணன் இலைக்கு இவரே சோறு போட்டார். "அன்னிக்கு ஒங்கப்பாவப் பத்தி நான் பேசுனது தப்பு மச்சான். சாப்பிடுங்க." அண்ணன் சாப்பிட்டார். முதல் வாய் உள்ளே போகும்வரை இவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

மாமன் மடி பாதி, அம்மா மடி பாதி என்று லயம் முழுக்கப் பேச்சு. பேசட்டும்.

பெப்ரவரி 9, திங்கள்

மறுபடியும் பனி. காது இரண்டும் கொஞ்சம் வீக்கம். மஞ்சளும் தேங்காயெண்ணெயும்.

விடிந்தும் விடியாததுமாக அண்ணன் இந்த லயத்துக்கே வந்து நிற்கிறார், வேலைக்குப் போகாமல். பிள்ளை காதைப் பார்க்க. பார்த்தார், ஊதினார், மடியில் வைத்துக்கொண்டார். தேத்தண்ணி குடித்ததும் இவரைப் பார்த்து, "மாப்ள, சரி, பன்னெண்டு ரவுண்டுன்னே வச்சுக்குவோம்…" நான் பார்த்த பார்வையில் வாயை மூடினார்.

கவினிக்குத் தலை சீவும்போது கேட்கிறாள்: "அம்மா, அப்பாவும் மாமாவும் சேந்து ஒன்னோட சண்ட போட்டா யாரு ஜெயிப்பா?"

"நீயே சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள்.

"எத்தன ரவுண்டு?"