ஜீப் பார்க்கப் போன அன்று குடிக்காத டீ

பிள்ளைப்பாக்கம்,
ஆவணி, 1991

வசந்தாவின் அண்ணனே, அன்புள்ள ஏகாம்பரம் மச்சான்,

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. நீ உயிரோடு இருந்த கடைசி ஆறு மாதமும் உன்னோடு ஒரு வார்த்தை பேசாதவன், இப்போது எழுத உட்கார்ந்தால் நிறுத்த முடியவில்லை. நான்கு தாள் கிழித்தாயிற்று.

இதைப் பத்திரிகைக்கு அனுப்பப் போகிறேன். லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் உன் கடைக்கு வந்து, உன்னைத் திருடன் என்று நான் சொன்னபோது அங்கே நாலு பேர் நின்றிருந்தார்கள். அது பொய் என்று நான் சொல்வதை அதைவிட அதிகம் பேர் கேட்கட்டும்.

போன வருஷம் இதே ஆவணியில்தான் ஜீப் பார்க்கப் போனோம். பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷம் பாடம் நடத்திய எனக்குத் தலைமையாசிரியர் வேலையைக் கொடுக்காமல், நிர்வாகியின் அக்கா மகனுக்குக் கொடுத்தார்கள். அன்றே ராஜினாமா எழுதினேன். அந்த ஆள் இன்னும் அதே நாற்காலியில்தான் இருக்கிறான் மச்சான். அவர்களை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

கம்பெனிக்காரர்கள் இடம் பார்க்க வரத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் கார் ஏரிக்கரை வரைதான் போகும். அதற்கு அப்பால் வரப்பிலும் சேற்றிலும் இறங்க நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப் வேண்டும். ஒன்று வாங்கி வாடகைக்கு விட்டால் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டாம் என்று கணக்குப் போட்டேன். வண்டி வாங்குகிற எல்லோரும் உன்னைத்தான் கூட்டிப் போவார்கள். நானும் உன்னைத்தான் கூப்பிட்டேன்.

ஒரகடம் கூட்ரோட்டில், ஜீப்பை விற்க வைத்திருந்த கான்ட்ராக்டரின் ஷெட்டுக்குள் நுழைந்ததும் நீ முதலில் பானெட் மேல் உள்ளங்கையை வைத்தாய். "ஏன்யா, நாங்க வர்றதுக்கு முன்னாடியே ஓட்டி சூடேத்தி வெச்சிகீறே? காலைல ஜில்லுனு ஸ்டார்ட் ஆவாதா?"

"அட, சும்மா ஒரு ரவுண்டு போய் வந்தேம்பா" என்றான் அவன்.

நீ குறைகளை அடுக்க ஆரம்பித்தாய். எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து, வந்த புகையைக் கையால் மறித்துக் காட்டினாய். "பாரு, அடுப்பு மாதிரி ஊதுது." ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். "இதைத் திருப்பினா சக்கரத்துக்குச் சேதி போய்ச் சேர அரை நாள் ஆவும் போலகீதே." நாலு டயரும் நாலு ஊர் என்றாய். சேஸிஸில் ஓரிடத்தில் மட்டும் பெயின்ட் புதுசாக இருப்பதை நகத்தால் சுரண்டினாய்.

"யோவ், நீ வண்டி பாக்க வந்தியா, வண்டிக்கு ஒப்பாரி வெக்க வந்தியா?" என்று அவன் சிரித்தான். ஐம்பத்திரண்டாயிரத்தில் ஆரம்பித்தவன் நாற்பத்தாறுக்கு இறங்கியிருந்தான்.

அப்போதுதான் அதைச் சொன்னாய். "இந்த ஆளுக்கு எதுக்குய்யா ஜீப்பு? ஹெட்மாஸ்டர் வேலை குடுக்கலன்னு கோச்சிக்கினு எழுதிக் குடுத்துட்டு வூட்ல குந்திகீறாரு. கையில இருக்கிறது பி.எஃப். பணம் ஒண்ணுதான். பாத்துச் சொல்லு."

அவன் சிரித்தான். அவனுடைய ஆட்கள் சிரித்தார்கள். அவன் நாற்பத்து நாலு என்றான். விலை இறங்கியது என் காதில் விழவில்லை. சிரிப்பு மட்டும் விழுந்தது.

நீ அதற்குள் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தாய். முன் சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்டைக் கையால் பிடித்துத் திருப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. வெளியே வந்து கையைத் துடைத்தாய். அவ்வளவு நேரம் மூடாத வாய் மூடியிருந்தது. "மாப்ளே, வா, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றாய்.

"நீ குடி."

"அந்தோணி கடை டீ நல்லா இருக்கும். வா மாப்ளே."

"வேணாம்னு சொன்னேன்."

நீ ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுப் போனாய். நீ திரும்பி வருவதற்குள் ஐயாயிரம் அட்வான்ஸ் கொடுத்துச் சீட்டு எழுதி வாங்கியிருந்தேன். உன் துணை இல்லாமலே என்னால் முடியும் என்று உனக்குக் காட்ட நினைத்தேன். அட்வான்ஸ் கைமாறிய பிறகு யாரும் குறை பேசுவதில்லை, நீயும் பேசவில்லை. நான் தனியாக பஸ் ஏறினேன். மறுநாள் நீ வீட்டுக்கு வந்தபோது உள்ளேயே படுத்துக்கொண்டு, இல்லை என்று சொல்லச் சொன்னேன். "அந்த வண்டிய சேத்துல மட்டும் எறக்க வேணாம்னு சொல்லும்மா" என்று வசந்தாவிடம் சொல்லிவிட்டுப் போனாயாம். அதையும் கேலி என்றுதான் எடுத்துக்கொண்டேன். மீதிப் பணத்தையும் கட்டி வண்டியை எடுத்து வந்தேன்.

ஐப்பசி மழையில் கம்பெனி ஆட்கள் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஏரிக்குள் இறங்கினேன். முன் சக்கரங்களையும் இழுக்க வைக்கிற லீவரைப் போட்டேன். பின் சக்கரங்கள் சேற்றை வாரி இறைத்தன. முன் சக்கரங்கள் அசையாமல் இருந்தன. அவர்கள் ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். அதன் பிறகு என்னைக் கூப்பிடவில்லை. டிராக்டர் வைத்து இழுத்து வந்த பிறகு மெக்கானிக் முன் அச்சைத் திறந்தால் உள்ளே பல்சக்கரமே இல்லை. கிரீஸ் மட்டும் இருந்தது.

"இதுக்குத் தெறக்கவே வேணாம் சார். கீழ படுத்து ஷாஃப்டைக் கையால சுத்துனா போதும். சக்கரம் தரையில இருக்கும்போது அது சும்மா சுத்தினா உள்ள ஒண்ணும் இல்லன்னு அர்த்தம்" என்றான் அவன்.

நீ சுற்றிப் பார்த்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படியே உன் கடைக்கு வந்தேன். "எவ்வளவு கமிஷன் வாங்கினே?" என்று கேட்டேன். சொந்தத் தங்கை புருஷனையே ஏமாற்றிய திருடன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். நீ சம்மட்டியைக் கீழே வைத்தாய்.

"அப்படியா நெனைக்கிறே மாப்ளே?"

அவ்வளவுதான். ஏன் மச்சான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை? கத்தியிருக்கலாம். என் சட்டையைப் பிடித்திருக்கலாம். அந்த மௌனத்துக்காக இன்றும் உன்மேல் எனக்குக் கோபம்தான்.

சித்திரையில், கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாயாம். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. உன்மேல் கோடித்துணி போர்த்தும்போதுகூட, கமிஷன் வாங்கியவன் என்றுதான் நினைத்துக்கொண்டு போர்த்தினேன். அதை நான் இனி எங்கே போய்க் கழுவ?

ஆடியில் ஒரு நாள் ஒரகடத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது அந்தோணி தன் டீக்கடையிலிருந்து கூப்பிட்டார். "இன்னா வாத்தியாரே, பட்டைக்கடைக்காரரு தவறிட்டாராமே. உங்க மச்சான் தானே?"

ஆமாம் என்றேன்.

"போன வருஷம் வண்டி பாக்க வந்தீங்களே, அன்னிக்கி அவரு ரெண்டு டீ சொல்லிட்டு இந்த பெஞ்சுல குந்திகினு இருந்தாரு. உங்களுது ஆறிப் போச்சு. கொட்டிட்டு வேற போட்டுக் குடுன்னாரு. அதுவும் ஆறிப் போச்சு."

"எதுக்கு எனக்கு?"

அந்தோணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இன்னா இப்படி கேக்கறீங்க? வண்டி பாக்க வர்றவங்க நெஜத்தைப் பேசறது இங்கதான். ஷெட்டுல கத்தறதெல்லாம் வெலைக்கு. உருப்படியான கொறையை விக்கிறவன் எதிர்ல சொல்வாங்களா? டீ குடிக்கலாம்னு கூப்ட்டா வண்டி வேணாம், எழுந்து வான்னு அர்த்தம்."

அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது மச்சான். எம்.ஏ. படித்த எனக்குத் தெரியவில்லை.

"போயி கையப் புடிச்சி இட்டுகினு வாங்களேன்னு நான்தான் சொன்னேன்" என்றார் அவர். "'நாலு பேர் எதிர்ல அந்த மனுசனோட மானத்தை வாங்கிட்டேன் அந்தோணி. வெலை எறங்கட்டும்னு வாய் தவறிப் போச்சு. மறுபடியும் எப்படிப் போய் கையப் புடிக்கறது? அவனா வரட்டும்'னாரு."

இரண்டாவது டீயும் ஆறுகிறவரை எத்தனை நேரம் உட்கார்ந்திருந்தாய்? நான் வருகிறேனா என்று ஷெட் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாயா?

அன்று வீட்டுக்கு வந்து வசந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. அன்று முதல் சாப்பாட்டு வேளையில், குழம்பு வேண்டுமா என்று கேட்பதற்கு மட்டும் பேசினாள்.

ஜீப்பை விற்றுத் தொலைக்கலாம் என்று நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தேன். நேற்று வடக்குப்பட்டிலிருந்து ஒருவன் தன் மாமனோடு வந்தான். அந்த மாமன் உன்னைப் போலவேதான். "இது ஜீப்பு இல்லடா, பழைய இரும்பு" என்றார். "பொண்டாட்டி கம்மலை அடகு வெச்சி வந்திகீறான் சார், பாத்துச் சொல்லுங்க" என்றார். அவன் முகம் சுருங்கியது. பிறகு அவர் வண்டிக்கு அடியில் படுத்தார். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "வாடா, ஒரு டீ குடிச்சிட்டு வரலாம்" என்றார்.

"நீ போய்க் குடி மாமா. எனக்கு வேணாம்." அவன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்து என் பக்கம் நீட்டினான். "அட்வான்ஸ் புடிங்க சார்."

நான் சாவியை எடுத்து மடியில் கட்டிக்கொண்டேன் மச்சான். "முதல்ல போய் மாமா கூட டீ குடிச்சிட்டு வாப்பா. அவர் என்ன சொல்றாருன்னு கேளு. அப்புறமும் வண்டி வேணும்னா வா" என்றேன். அந்த மாமன் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவன் தோளில் கை போட்டு அழைத்துப் போனார்.

பொழுது சாய்கிறவரை வாசலில் உட்கார்ந்திருந்தேன். வசந்தா பின்னால் வந்து நின்றாள்.

"அவங்க வரமாட்டாங்க" என்றாள். "உள்ள வாங்க."

வருகிற வெள்ளிக்கிழமை உன் கடைக்குப் போவேன். அன்று கேட்ட அதே நாலு பேரும் அங்கேதான் வேலை செய்கிறார்கள். அவர்கள் எதிரில், அன்று கத்திய அதே சத்தத்தில், என் மச்சான் ஒரு பைசா வாங்கவில்லை என்று சொல்வேன். ஜீப்பை முன் அச்சைத் திறந்து காட்டித்தான் விற்பேன். இனி எத்தனை கோபம் இருந்தாலும், என் மனிதர்கள் யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டால் எழுந்து போவேன்.

இப்படிக்கு,
உன் தங்கை வீட்டுக்காரன்,
கடைசி வார்த்தையிலும் நீ மாப்ளே என்றே கூப்பிட்ட
சபாபதி