மழைக்கு ஏசி

அம்பிட்டிய,
20.11.2011

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் எங்கள் பேத்திக் குட்டியும் அந்தக் கட்டார் வெயிலில் வாடிப் போகாமல் இருக்க வேண்டுமென்று கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதே. கெட்ட சேதி ஒன்றும் இல்லை. நல்ல சேதிதான். ஆனால் போனில் சொன்னால் நீ பாதியிலேயே "சரிம்மா, அப்புறம்?" என்பாய். எனக்கு ஆதியிலிருந்து சொன்னால்தான் மனம் ஆறும். ஆகையால் குட்டியைத் தூங்க வைத்துவிட்டு, அடுப்பில் ஒன்றையும் வைக்காமல், உட்கார்ந்து வாசி.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை. கொடியில் போட்ட துணி காய்வதே இல்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போடுகிறேன். அப்பாவின் சட்டையெல்லாம் புகை வாடை. பேச்சியம்மா சித்தியின் மகளுக்குப் பல்லேகலயில் ஒரு தையல் பெக்டரியில் வேலை கிடைத்துவிட்டது. சித்திக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவின் லொறியில் ஏசி வேலை செய்கிறது. சிரிக்காதே. ஊரே சிரித்து முடித்துவிட்டது. முதல் நாள் அவர் கம்பளிச் சட்டையும் போட்டு, காதுக்குத் துண்டும் கட்டிக்கொண்டு ஏசி லொறி ஓட்டிப் போனதைப் பார்த்து, முன்வீட்டு வீரையா அண்ணன், "என்ன மூக்கையா, லண்டனுக்கா ஹயர்?" என்று கேட்டார்.  உன் அப்பா ஹோர்னை நீளமாக அடித்துவிட்டுப் போனார்.

புதிதாக வாங்கிப் பூட்டியதில்லை. அந்த லொறி ஜப்பானிலிருந்து வரும்போதே ஏசியோடுதான் வந்தது. அப்பா அதை வாங்கிய கையோடு ஏசியை ஓட்டுகிற பெல்ட்டைக் கழற்றி வைத்துவிட்டார். "கண்டிக் குளிருக்கு யாருக்குடி ஏசி? டீசலத்தான் குடிக்கும்" என்றார். இங்கே லொறி வைத்திருக்கிற எல்லோரும் செய்கிற வேலைதான். அன்றைக்குத் தூங்கப் போன ஏசி, இத்தனை வருஷமும் எழும்பவே இல்லை.

இப்போது எதற்காக எழுப்பினோம் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. போன வருஷம் கடுகண்ணாவ ஏற்றத்தில் நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஏர்போர்ட்டிலிருந்து உன்னையும் குட்டியையும் லொறியில் கூட்டிக்கொண்டு அவர் பெருமையாக வந்துகொண்டிருந்தார். அந்தக் கொட்டுகிற மழையில் ஜன்னலைத் திறக்க வழியில்லை. உங்கள் மூச்சிலும் ஈரத்திலும் கண்ணாடி உள்பக்கமாக வெள்ளை பூத்து, அவர் ஒரு கையால் துடைக்கத் துடைக்க மறுபடி பூத்து, கடைசியில் வளைவு தெரியாமல் மதிலோடு உரசி நின்றது. குட்டியின் உதடு டாஷ்போர்டில் அடிபட்டுக் கிழிந்தது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நீ வராந்தாவில் நின்று என்னைக் கட்டிக்கொண்டு, "அப்பாவுக்குக் கண்ணு தெரியலம்மா. இன்னொரு நாளைக்கு யாரையாச்சும் கொன்னுப்புடுவாரு" என்று அழுதாய். உன்மேல் குற்றம் சொல்ல வரவில்லை மகளே. பிள்ளையின் இரத்தம் கையில் இருக்கும்போது எந்தத் தாயும் அப்படித்தான் பேசுவாள். ஆனால் அப்பா உனக்குப் பின்னால்தான் நின்றார். உனக்கு அது தெரியாது. குட்டிக்கு வாங்கிய பால் பெக்கெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

நீ திரும்பிப் போன பிறகு அவர் ஒரே பேச்சுத்தான் பேசினார். "கண்ணுக்கு ஒன்னுமில்ல. கண்ணாடிதான். கண்ணாடிதான் வெள்ளையாயிருச்சு." யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. அவருக்கும் சீனி வியாதி இருக்கிறது; சீனியால் பெரியப்பாவுக்குக் கண் போனதையும் நாம் பார்த்தோம். டொக்டரிடம் காட்டுவோம் என்றால், "லைசன புடுங்கிருவாங்க" என்று எழும்பிப் போய்விடுவார். மழை இருட்டினால் லொறியைத் தொட மாட்டார். சாமான் ஏற்ற ஹயர் பேச வந்தவர்களிடம், கிளச் சரியில்லை, டயர் சரியில்லை என்று ஏதாவது சொல்லி அனுப்பிவிடுவார். லொறியை விற்றுவிடச் சொல்லி நீ போனில் சொன்னபோது நான் மறுக்கவில்லையே, ஏன் என்று நினைக்கிறாய்? எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் லொறியை விற்றுவிட்டு அந்த மனுஷன் வீட்டில் என்ன செய்வார் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

இப்படி இருக்கும்போது கம்பளையில் ஒரு கலியாணத்துக்கு வேனில் போனோம். நல்ல மழை. ஜன்னல் எல்லாம் சாத்தி, உள்ளே இத்தனை பேர் மூச்சு விட்டும் முன் கண்ணாடி பளிச்சென்று இருந்தது. எப்படித் தம்பி என்று டிரைவரைக் கேட்டேன். ஏசி போட்டால் உள்ளே இருக்கிற ஈரத்தை அது இழுத்துவிடும், கண்ணாடி பூக்காது என்றான். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அப்பாவிடம் சொன்னேன். "எனக்குத் தெரியாதா?" என்றார். தெரியுமாம்! தெரிந்த மனுஷன் ஏன் இவ்வளவு நாளும் செய்யவில்லை? கேட்டால், நாளைக்குப் பார்ப்போம், அடுத்த கிழமை பார்ப்போம், ஏசி பழுது பார்க்கிற ஹபீல் ஊரில் இல்லை என்பார். ஹபீல் ஊரில்தான் இருந்தான். நானே அவனைச் சந்தையில் கண்டு கதைத்தேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஏசி பழுதாகக் கிடக்கிறவரை குற்றம் கண்ணாடியின் மேல். ஏசியைச் சரிபார்த்த பிறகும் ரோடு வெள்ளையாகத் தெரிந்தால் யார்மேல் பழி போடுவது? உன் அப்பா வாயால்தான் கண்ணாடி, கண்ணாடி என்றாரே தவிர, மனதுக்குள் அவருக்கும் பயம். அது தெரிந்ததும் எனக்கும் அதே பயம் பிடித்துக்கொண்டது. ஆனால் பயத்தை மடியில் வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு இருக்கிறது? வெயிலாக இருந்த ஒரு காலையில் நானே போய் லொறியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். திகனவுக்கு, ஹபீலின் கராஜுக்கு விடுங்கள், இல்லாவிட்டால் இறங்க மாட்டேன் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே விட்டார்.

ஹபீல் நல்ல பிள்ளை. டாஷ்போர்டைக் கழற்றியதும், "அண்ணே, இதுக்குள்ள எலி குடும்பமே நடத்தி ஈக்குது" என்று கூப்பிட்டுக் காட்டினான். காற்று வருகிற பெட்டி முழுக்கக் கிழிந்த கடதாசியும் பஞ்சும் மண்ணும். அதைக் கூட்டி அள்ளிக் கழுவவே அரைநாள் போனது. பிறகு எனக்குப் பொறுமையாக விளக்கினான். "ஓடாம வெச்சா ரப்பர் வளையமெல்லாம் காஞ்சி வெடிச்சிடும் அக்கா. குளிருக்கு இதுக்குள்ள போட்ட பழைய கேஸ் இப்ப எங்கயும் இல்ல. புதுக் கேஸ் போடணுமெண்டா வளையம், எண்ணெ எல்லாத்தையும் மாத்தணும்." மாற்றினான். கேஸ் ஏற்றினான். சில்லென்று காற்று வந்தது. அப்பா கையை நீட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

மறுநாள் காலையில் போட்டுப் பார்த்தால் வெறும் காற்று. குளிர் போயே போய்விட்டது. அப்போது அப்பாவின் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. உன்னிடம் மறைப்பானேன், எனக்கும்தான் நெஞ்சு லேசானது. இரண்டு பேரும் உட்கார்ந்து சந்தோஷமாகத் தேநீர் குடித்தோம். கெட்டுப் போன ஏசிக்குச் சந்தோஷப்பட்ட ஆட்கள் உலகத்தில் நாங்களாகத்தான் இருப்போம்.

ஆனால் ஹபீல் விடுகிற ஆள் இல்லையே. குழாய் முழுக்கச் சவர்க்கார நுரையைத் தடவிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் குமிழியாக வந்தது. குழாய் லொறியின் இரும்போடு உரசி உரசி அங்கே ஊசித் துவாரம் விழுந்திருந்தது. குழாயை மாற்றி, உள்ளே இருந்த காற்றை மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு மறுபடி கேஸ் ஏற்றினான். இந்த முறை கேஸ் இறங்காமல் நின்றது. அடுத்த நாளும் குளிர், அதற்கடுத்த நாளும் குளிர். இனிச் சாக்குச் சொல்ல வழியில்லை.

போன புதன்கிழமை, உன்னஸ்கிரியவிலிருந்து மரக்கறி ஏற்ற ஹயர் வந்தது. வானம் கறுத்திருந்தது. அவர் கிளச் என்று வாயெடுக்கும்முன் நான் வருகிறோம் என்று சொல்லிவிட்டேன். வருகிறோம் என்றால் நானும்தான். வேண்டுமென்றே மழையில் நனைந்துபோய், சொட்டுகிற குடையோடு ஏறினேன். உள்ளே ஈரம் எவ்வளவு இருக்குமோ அவ்வளவும் இருக்கட்டும் என்றுதான். ஏற்றம் தொடங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடியின் ஓரம் பூத்தது. நடுவுக்கு வந்தது. அவர் கை ஸ்டியரிங்கை விட்டு அசையவில்லை. ஏசியைப் போடுங்கள் என்றேன். "இருக்கட்டும், இருக்கட்டும்" என்றார். எதிரே வந்த பஸ்ஸின் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது, பஸ் தெரியவில்லை. நான் பிள்ளையாரே என்று சுவிட்சை அமுக்கினேன்.

கண்ணாடி கீழேயிருந்து மேலே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. எனக்கு ரோடு தெரிந்தது, பள்ளம் தெரிந்தது. ஆனால் எனக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்? அந்தக் கடை போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். சொன்னார். எனக்கு எழுத்தே பிடிபடாத தூரத்தில் வந்த பஸ்ஸைக் காட்டி, அது எங்கே போகிற பஸ் என்று கேட்டேன். "மஹியங்கன" என்றார். கிட்ட வந்ததும் பார்த்தேன், சரிதான். பாலத்துக் கட்டில் எழுதியிருந்த இலக்கத்தைக் கேட்டேன். அதையும் சொல்லிவிட்டுத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "என்னைப் பரீட்சை பண்றியாடி?" என்றார். ஆமாம் என்றேன்.

அடுத்த வளைவைத் தாண்டினார். பிறகு தானாகவே தொடங்கிவிட்டார். அந்தா ஒரு கோழி நனைகிறது, அந்தா ஒரு பொம்பளை குடையைத் திருப்பிப் பிடித்திருக்கிறாள், அந்தத் தூணில் ஒட்டியிருக்கிற படத்தில் இருக்கிறவனுக்கு மீசை இல்லை. குட்டி படம் பார்த்துச் சொல்லுவாளே, அந்த மாதிரி. உச்சியில் ஒரு தேத்தண்ணிக் கடை ஓரமாக லொறியை நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். "எனக்கும் பயந்தான் கமலம்" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருஷ வாழ்க்கையில் அவர் வாயால் பயம் என்ற சொல்லை நான் கேட்டதில்லை. நான் நன்றாக அழுதேன். அவர் இறங்கிப் போய் இரண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு வந்தார். அவருடையதில் சீனி போட்டிருந்தது. அன்றைக்கு மட்டும் நான் கண்டுகொள்ளவில்லை.

நீ கேட்பாய், கண்ணாடி தெளிந்தால் கண் நல்லது என்று ஆகிவிடுமா என்று. உன் புத்தி எனக்குத் தெரியாதா? மறுநாள் அவராகவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கண் டொக்டரிடம் போனார். நான் கூப்பிடவே இல்லை. மருந்து விட்டுக் கண்ணின் பின்பக்கமெல்லாம் பார்த்தார்களாம். சீனி கண்ணைத் தொடவில்லை. வருஷா வருஷம் வந்து காட்ட வேண்டும், வாசிப்பதற்கு மட்டும் கண்ணாடி போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இப்போது அதைப் போட்டுக்கொண்டு பேப்பர் வாசிக்கும்போது பெரிய பிரின்சிபல் மாதிரி என்னைப் பார்க்கிறார். இரவு ஹயர் மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கிறேன். முறைக்கிறார், ஆனால் போவதில்லை.

இனி, இந்தக் கடிதத்தை எதற்கு எழுதினேனோ அதைச் சொல்கிறேன். டிசம்பரில் நீயும் குட்டியும் வரும்போது ஏர்போர்ட்டுக்கு வேன் பேசிவிட்டதாகப் போன கிழமை சொன்னாய். அப்பா என் பக்கத்தில்தான் நின்றார். நீ கூப்பிடுகிற நேரமெல்லாம் அவர் ஏதாவது வேலை இருப்பதுபோல அங்கேயேதான் நிற்பார். ஒரு வருஷமாக நீ, அப்பாவிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்டதில்லை. வேன் என்றதும் சரி, சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே போய்விட்டார். அடுத்த நாள் பின்னேரம் லொறியைக் கழுவப் போனேன். இடது பக்கச் சீட்டுக்குப் புதிய பெல்ட் பூட்டியிருக்கிறார். டாஷ்போர்டில் குட்டியின் முகம் பட்ட அந்த இடத்தில், பஞ்சு வைத்து, மேலே சிவப்பு ரெக்சின் போட்டுத் தைத்திருக்கிறார். தையல் கோணல் மாணல். அவரேதான் தைத்திருக்க வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இனி ஞாயிற்றுக்கிழமை காலையிலெல்லாம் நான் கோயிலுக்குப் போய்விடுவேன். மத்தியானம்வரை வரமாட்டேன். அந்த நேரத்தில் கூப்பிடு. போனை அப்பாதான் எடுப்பார். எடுத்ததும், அம்மா இல்லையே என்றுதான் சொல்வார். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடாதே, என் தங்கமே.

பிள்ளையார் உங்கள் மூவருக்கும் துணையிருக்கட்டும். குட்டியின் உதட்டுத் தழும்பில் ஒரு முத்தம்.

உங்கள் வரவுக்கு நாளை எண்ணிக்கொண்டிருக்கும்
உன் அம்மா,
கமலம்