டீ ஆறிப்போகுது

மார்ச் 3, செவ்வாய்

ஹ்யூகோ போன் செய்தான். என் ஏஜென்ட், நல்ல சேதி இருந்தால்தான் காலையில் கூப்பிடுவான். டி.வி. தொடர், வடக்கு இங்கிலாந்தில் ஓல்டாமில் நடக்கிற கதை, ஆறு பகுதியிலும் வரும் அம்மா வேடம். "உங்க சொந்த ஊருதானே பெவர்லி, கண்ணை மூடிட்டுப் பண்ணிடலாம்" என்றான். முப்பது வருடமாகச் சீமாட்டி, நீதிபதி, மறுபடி சீமாட்டி. ஒரே ஒரு தடவை என் அம்மாவைப் போல ஒருத்தியாக நடிக்க வேண்டும். இது மட்டும் கிடைத்துவிட்டால் போதும், கடவுளே.

மார்ச் 7

பேச்சைப் பழக ஓல்டாம் போனேன். வசனத்தைப் படித்துக் காட்டியதும் அக்கா லொரெய்ன் சோபாவில் விழுந்து சிரித்தாள். "ஏய், எங்களைக் கிண்டல் பண்றியா? நம்மூருல எவடி இப்படிப் பேசுறா?"

நடிப்புப் பள்ளியில் மூன்று வருடம் நாக்கைத் தேய்த்துத் தேய்த்து என்னை லண்டன்காரியாக்கினார்கள். நானும் ஆசையாகத்தான் தேய்க்கக் கொடுத்தேன். கிளம்பும்போது, "பரவால்ல, இப்பக் கொஞ்சம் நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றாள் லொரெய்ன்.

மார்ச் 12

இன்று அந்த வேடத்துக்கான நடிப்புத் தேர்வு. உச்சரிப்பு ஓர் இடத்திலும் சறுக்கவில்லை. தெருவில் விளையாடும் மகனைக் கூப்பிடும் காட்சி: "டேய், டீ ஆறிப்போகுது, வாடா!" கத்திவிட்டு, கையில் இல்லாத கோப்பையை ஊதி ஒரு வாய் குடித்தேன். கதை எழுதிய ஸ்டேசி ஓல்டாம்காரி. "கையில என்ன அது?" என்றாள். டீக் கோப்பை என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்சியில் ஏறிய பிறகுதான் உறைத்தது. ஐயோ! எங்கள் ஊரில் டீ என்றால் சாயங்காலச் சாப்பாடு. தட்டு நிறைய உருளைக்கிழங்கும் கறியும். அம்மா தினமும் வாசலில் நின்று கத்தியது அதுக்குத்தானே? எப்படிடீ மறந்தே — சே.

மார்ச் 16

கிடைக்கவில்லை. அதே தொடரில் நீதிபதி வேடம் தருகிறார்களாம், ஒரே காட்சி. சரி என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 10, ஞாயிறு

நேற்று என் காட்சி ஒளிபரப்பானது. லொரெய்ன் கூப்பிட்டாள். "நல்லா இருந்துச்சு பெவ். நடிச்ச மாதிரியே இல்ல, அப்படியே நீதான்."

அந்தக் கோப்பையைப் பற்றி அவளிடம் நான் மூச்சே விட்டதில்லை.

"சனிக்கிழமை டீக்கு வா" என்றாள். அப்புறம், கேலியே இல்லாமல், வெளியூர்க்காரிக்குச் சொல்வதுபோல நிதானமாக: "சாப்பாட்டைத்தான் சொல்றேன், என்ன? சாப்பிட்டுட்டு வந்துடாத."